விக்ஸ்பர்க்: மண்வெட்டி வழியே படிக்க வேண்டிய முற்றுகை

போர் வரலாறு எழுதும் வேலையில் தளபதிகளின் கடிதங்களைவிடப் பொறியாளர்களின் அறிக்கைகளே அதிகம் கைகொடுக்கும். கடிதம் நோக்கத்தைச் சொல்லும்; அறிக்கை குழியின் அகலத்தைச் சொல்லும். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863-ல், மிசிசிப்பி ஆற்றங்கரையில் தெற்குத் தரப்பின் கையிலிருந்த விக்ஸ்பர்க் நகருக்காக நடந்த போரைப் புரிந்துகொள்ள அந்த அகலம் தெரிந்தாக வேண்டும்.

நகரைச் சென்றடைந்த கதை பலரும் அறிந்ததுதான். ஏப்ரல் 30-ல் வடக்குத் தரப்புத் தளபதி கிராண்ட்டின் படை புரூயின்ஸ்பர்க்கில் ஆற்றைக் கடந்தது. போர்ட் கிப்சன், ரேமண்ட், ஜாக்சன், சாம்பியன் ஹில், பிக் பிளாக் பாலம் என மே 17-க்குள் ஐந்து சண்டைகளை வென்றது. இதில் திருத்த வேண்டிய ஒரு பிழை உண்டு. வழங்கல் பாதையை அறவே துறந்துவிட்டு, வழியில் கிடைத்ததைத் தின்றே படை நடந்தது என்று எழுதிவிடுகிறார்கள். இறைச்சியும் சோளமும் வழியில் கிடைத்தது உண்மை. வெடிமருந்து வழியில் விளையாது. அதுவும் காப்பியும் உப்பும் கெட்டி ரொட்டியும் ஆற்றங்கரை ஊரான கிராண்ட் கல்ஃபிலிருந்து வண்டி வண்டியாக வந்துகொண்டுதான் இருந்தன.

மே 19-லும் 22-லும் நேரடித் தாக்குதல்கள் தோற்றன. இரண்டாவதில் மட்டும் சேதம் ஏறக்குறைய 3,200 பேர். வீரம் குறைந்ததால் வந்த தோல்வி அல்ல. அரண்களுக்குப் போகும் பாதைகள் முகடுகளின் மேல் ஓடின. இருபுறமும் செங்குத்தான பள்ளம், அதில் வெட்டிச் சாய்த்த மரங்கள். எத்தனை ஆயிரம் பேர் பின்னால் நின்றாலும், கிரேவ்யார்ட் சாலையில் நாலு நாலு பேராகத்தான் ஓட முடிந்தது. முன்வரிசை விழுந்ததும் பாதையே அடைபட்டது.

பிறகுதான் மண்வெட்டி: குழி வெட்டி, அதில் மறைந்தபடி அரணை நெருங்கும் வேலை. அரணை நோக்கி நேராகக் குழி வெட்டினால் அங்கிருந்து சுடும் குண்டு குழி நெடுக வந்து எல்லோரையும் வீழ்த்தும். ஆகவே வளைத்து வளைத்துத்தான் வெட்ட வேண்டும். முனையில் வெட்டுபவருக்கு மறைப்பாக ஓர் உருளை வேண்டும். ஓரிடத்தில் ரயில்வண்டித் தட்டில் பஞ்சுப் பொதிகளை அடுக்கி மறைப்பாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். எதிரிகள் துப்பாக்கிக் குண்டின் அடிக்குழியில் டர்பன்டைனில் நனைத்த பஞ்சை அடைத்துச் சுட்டார்கள். மறைப்பு எரிந்தே போனது. சிறு பீரங்கிகள் போதாதபோது, உறுதியான மரக்கட்டைகளைக் குடைந்து இரும்புப் பட்டை கட்டி, குண்டை உயரே எறியும் பீரங்கிகளாக்கினார்கள்.

தெற்குத் தரப்பின் தேர்ட் லூசியானா அரணின் அடியில் தோண்டிய சுரங்கம்தான் இந்த முற்றுகையின் மிக நுட்பமான வேலை. பொறுப்பு கிராண்ட் படையின் பொறியாளர் ஹிக்கன்லூப்பருடையது. நிலக்கரிச் சுரங்க அனுபவமுள்ள 36 பேர். பகலுக்குப் பாதி, இரவுக்குப் பாதி. ஆறு ஆறு பேராக ஒரு மணி நேரம்: இருவர் கொத்த, இருவர் அள்ள, இருவர் மண் நிரப்பிய சாக்குகளைப் பின்னால் கடத்த. காற்று கொண்டுவந்து படிய வைத்த அந்த மண் வெட்ட இளக்கமானது, வெட்டிய பின் சுவராக நிற்கும்; எனவே முட்டுக்கட்டை அதிகம் தேவைப்படவில்லை. 45 அடி போனதும் முன்னே ஒரு கிளை, பக்கங்களில் இரண்டு. முன்னதில் 800 பவுண்டு, பக்கத்துக்கு 700 பவுண்டு, மொத்தம் 2,200 பவுண்டு வெடிமருந்து. ஒரு திரி அணைந்தாலும் மற்றொன்று எரிய இரண்டிரண்டு திரிகள். கடைசியில் மரத்தாலும் மண் மூட்டைகளாலும் வாயை இறுக்க வேண்டும். அதில் சோம்பினால் விசை பின்வழியே வெளியேறிவிடும்.

ஜூன் 25 பிற்பகலில் அது வெடித்தது. ஆனால் காவலர்கள் தோண்டும் ஓசையை முன்பே கேட்டுப் பின்னால் புதிய மண்ணரண் எழுப்பியிருந்தார்கள். வெடிப்பு உண்டாக்கியது கிண்ணம்போல ஒரு பள்ளம், ஏறக்குறைய 40 அடி அகலம். உள்ளே இறங்கியவர்கள் சிலரே. மேலிருந்து திரி பற்றவைத்த குண்டுகளை உருட்டிவிட்டால் போதும், ஒதுங்க இடமில்லை. மறுநாள் வரை நீடித்தும் அரண் விழவில்லை. மருந்தின் அளவில் குறையில்லை. உள்ளே போகும் வழிதான் போதவில்லை. அடுத்த ஆண்டு, இதே போரில், வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் 8,000 பவுண்டு வைத்தும் இதுபோன்ற பள்ளத்தில்தான் வடக்குப் படை சிக்கியது.

ஜூலை 1-ல் மறுபடி ஒரு சுரங்கத்தை வெடித்தார்கள், படையை அனுப்பவில்லை. அப்போது அதைத் தடுக்க அரணின் பக்கத்திலிருந்து எதிர்ச்சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த கறுப்பின அடிமைத் தொழிலாளர்கள் மண்ணோடு மாண்டார்கள். சேதப் பட்டியல்களைத் தொகுப்பவர்கள் இவர்களைத் தவறாமல் சேர்க்க வேண்டும்.

அதன்பின் கிராண்ட் பிறப்பித்த உத்தரவு அகலத்தைப் பற்றியது: எல்லாக் குழிகளையும் நால்வர் ஒருசேரப் போகும் அளவுக்கு விரிக்க வேண்டும், ஜூலை 6-ல் தாக்குதல். நகரைக் காத்த தெற்குத் தளபதி பெம்பர்ட்டனின் படையோ பயறு மாவு ரொட்டியும் கோவேறு கழுதை இறைச்சியும் தின்னும் நிலைக்கு வந்திருந்தது. ஜூலை 4-ல், முற்றுகையின் 47-ஆம் நாள், ஏறக்குறைய 29,500 பேர் சரணடைந்தார்கள். விரித்து வைத்த குழிகளில் தாக்குதல் நடக்கவே இல்லை.