முகப்பில் பெயரில்லாத இசைத்தட்டு

பழைய மாணவர் ஒன்றுகூடல் மலர்க் குழுவினர் கல்லூரி நினைவு ஒன்று எழுதித் தரும்படி கேட்டார்கள். விடுதிச் சாப்பாடு, பிக் மாட்ச், அதிபரின் பிரம்பு எல்லாவற்றையும் மற்றவர்கள் நன்றாகவே எழுதிவிடுவார்கள். நான் ஒரு பாட்டுக் குழுவைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அதுவும் ஆங்கிலேயக் குழு: ஃபெயார்போர்ட் கன்வென்ஷன். கல்லூரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன் அன்று பக்கத்தில் இருந்திருக்காவிட்டால், அந்தக் குழுவின் இசைத்தட்டை ஒருமுறை போட்டுக் கேட்டுவிட்டு மூலையில் வைத்திருப்பேன்.

அறுபதுகளின் கடைசியில் எங்களுக்கு இரண்டு விதமான பாட்டு இருந்தது. விடுதியில் இரவுப் படிப்பு முடிந்தபின் இலங்கை வானொலி ஆங்கில சேவையில் ஜிம் ரீவ்ஸும் கிளிஃப் ரிச்சர்டும் பாடுவார்கள். மேல்வகுப்பு அண்ணைமார் அதைக் கேட்டுக் கேட்டுக் கிற்றாரில் பிடித்துப் பார்ப்பார்கள். லீவுக்கு ஊருக்குப் போனால் அம்மன் கோயில் வீதியில் காத்தவராயன் கூத்து விடிய விடிய நடக்கும். நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக வந்து மயான காண்டம் பாடுகிறார் என்றால், சனம் பின்னேரமே பாயோடு வந்து இடம் பிடித்துவிடும். என் வகுப்புத் தோழனின் மாமா கூத்துப் பழக்கும் ஒரு அண்ணாவியார். காத்தான் சிந்து முழுவதும் அவனுக்கு மனப்பாடம். குளிக்கிற இடத்தில் அவன் பாடத் தொடங்கினால் மற்றவர்கள் வாளியில் தாளம் போடுவார்கள்.

ஆனால் கிற்றார் கல்லூரி மண்டபத்து மேடைக்கு, கூத்து கோயில் வீதிக்கு என்றுதான் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்ததைப் பார்த்தவர்கள் எங்களுக்குச் சொன்னபோது, பழையதைப் புது மேடைக்குக் கொண்டுவர முடியும் என்பது முதன்முதலாக மனதில் பட்டது.

எழுபதுகளின் நடுவில் இருவரும் லண்டனில் படித்துக்கொண்டிருந்தோம். டூட்டிங்கில் ஒரே அறை. மீற்றரில் காசு போட்டால்தான் காஸ் வரும். பகலில் படிப்பு, சாமத்தில் பெற்றோல் நிலையத்தில் வேலை. முன்பு இருந்தவர் விட்டுப்போன ஒரு ரெக்கோர்ட் பிளேயர் அறையில் கிடந்தது. அதற்காகவே டூட்டிங் சந்தைக்குள் பழைய தட்டுகள் விற்கிற கடையைச் சனிக்கிழமைகளில் கிளறுவோம்.

அங்கேதான் அது கையில் பட்டது. முகப்பில் ஒரு எழுத்தும் இல்லை. குழுவின் பெயர் இல்லை, தட்டின் பெயரும் இல்லை. நல்ல உடுப்பு உடுத்த வயதான கணவனும் மனைவியும் வேலிக்கு வெளியே நின்று நேராகப் பார்க்கிறார்கள். பின்னால் தோட்டம், மரங்கள், அவற்றுக்கு மேலே ஒரு தேவாலயத்தின் கூர்க்கோபுரம். உற்றுப் பார்த்தால் வேலி இடுக்குகளுக்குள்ளால் தோட்டத்தில் இருக்கும் இளைஞர்கள் தெரிகிறார்கள். அவர்கள்தான் குழு! மற்றத் தட்டுகளில் எல்லாம் பாடகர்களின் முகம் முன்னுக்கு வந்து நிற்க, இதில் யாரோ ஒருவரின் அம்மாவும் அப்பாவும் படலையடியில் நின்றார்கள். பயணம் அனுப்ப வந்து நின்ற எங்கள் பெற்றோர் இருவருக்குமே நினைவுக்கு வந்தார்கள். அதனாலேயே வாங்கினோம்.

அது ‘அன்ஹாஃப்பிரிக்கிங்’, 1969இல் வந்த தட்டு. படத்தில் இருப்பவர்கள் குழுவின் பாடகி சாண்டி டெனியின் பெற்றோர். இடம் அவர்களுடைய விம்பிள்டன் வீடு. அமெரிக்காவில் இந்த முகப்பை எடுத்துவிட்டு சர்க்கஸ் யானைகளின் படத்தைப் போட்டு வெளியிட்டார்கள் என்று பிறகு அறிந்தேன். அந்த யானைகளைப் பார்த்திருந்தால் நான் வாங்கியிருக்கமாட்டேன்.

முதற்பக்கத்தின் கடைசிப் பாட்டுத்தான் எங்களைப் பிடித்தது. ‘எ செய்லர்ஸ் லைஃப்’. கடலுக்குப் போன காதலனைத் தேடிப் படகேறும் ஒரு பெண்ணின் கதை, யார் எழுதியதென்று தெரியாத பழைய பாட்டு. பதினொரு நிமிடத்துக்கு மேல் போகும். சாண்டியின் குரல் அவசரப்படாமல் தொடங்குகிறது. பின்னால் சிம்பலும் கிற்றாரும் அலையடிப்பதுபோல் மெல்ல எழுந்து அடங்குகின்றன. கதை முடிந்து குரல் நின்ற பிறகும் பாட்டு நிற்பதில்லை. ரிச்சர்ட் தாம்சனின் மின்கிற்றார் ஒன்று கேட்க, டேவ் ஸ்வார்பிரிக்கின் வயலின் மறுமொழி சொல்ல, ட்ரம்ஸ் இரண்டையும் துரத்திக்கொண்டு போகிறது. ஸ்வார்பிரிக் அன்று விருந்தாளியாக வந்தவர். ஒரே தடவையில் வாசித்துப் பதிவு செய்தது.

தோழன் கட்டிலில் எழுந்து இருந்துவிட்டான். “மச்சான், இதெல்லே கூத்து! பாட்டு முடிஞ்சாப் பிறகு மத்தளம் விடாமல் போகுமே, அது மாதிரி. திருப்பிப் போடு.” திருப்பிப் போட்டோம். அந்த இரவு தட்டின் மறுபக்கத்துக்குப் போகவே இல்லை.

பிறகு ஒவ்வொன்றாகத் தேடி அறிந்தோம். வட லண்டன் மஸ்வெல் ஹில் பகுதிப் பெடியள் 1967இல் தொடங்கிய குழு. ‘ஃபெயார்போர்ட்’ என்பது அவர்கள் பாடிப் பழகிய வீட்டின் பெயர். கிற்றார் வாசித்த சைமன் நிக்கலின் தகப்பனார் அங்கே வைத்தியராக இருந்தவர். தொடக்கத்தில் அவர்கள் பாடியதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்கப் பாணிப் பாட்டுத்தான். 1969 மே 12 அதிகாலை, பர்மிங்ஹாமில் நிகழ்ச்சி முடித்து எம்1 பெருந்தெருவால் திரும்பும்போது வான் விபத்துக்குள்ளானது. ட்ரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிளும், தாம்சனின் தோழி ஜீனி ஃப்ராங்க்ளினும் இறந்துபோனார்கள். லாம்பிளுக்கு 19 வயது. நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட அந்த ட்ரம்ஸ் அவருடையது. தட்டு கடைக்கு வருவதற்கு முன்னரே அவர் போய்விட்டார். அதே தட்டில் பாப் டிலனின் பாட்டொன்றைப் பிரெஞ்சில் பாடியிருக்கிறார்கள். அதற்கு லாம்பிள் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கி அவற்றின் முதுகில் தட்டித் தாளம் போட்டிருக்கிறார். நடுவில் ஒரு பால் போத்தல் விழுந்து உடைகிற சத்தம் கேட்கும். அதை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். இதை அறிந்தபின் அந்தச் சத்தத்தைச் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

விபத்துக்குப் பிறகு பழைய பாட்டுகளை அப்படியே தொடர அவர்களால் முடியவில்லை. வின்செஸ்டருக்குப் பக்கத்தில் ஃபார்லி சேம்பர்லேன் என்ற இடத்தில் ஒரு பெரிய வீட்டை எடுத்து அந்தக் கோடை முழுவதும் தங்கினார்கள். ஸ்வார்பிரிக்கும் புது ட்ரம்ஸ்காரர் டேவ் மாட்டக்ஸும் சேர்ந்தார்கள். பாஸ் கிற்றார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டன் சிசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் இருந்து பழைய கதைப்பாடல்களைத் தோண்டி எடுத்தார். அந்த வருட முடிவில் ‘லீஜ் அண்ட் லீஃப்’ வந்தது. இங்கிலாந்தின் நாட்டார் ராக் இசைக்கு அதுதான் அத்திவாரம். 2006இல் பிபிசி ரேடியோ 2 நேயர்கள் அதையே எல்லாக் காலத்திலும் அதிகம் தாக்கம் செலுத்திய நாட்டாரிசைத் தட்டாகத் தெரிவுசெய்தார்கள்.

அதிலுள்ள ‘மாட்டி க்ரோவ்ஸ்’ பாட்டை எங்கள் கூத்துப் பழகியவர்கள் கட்டாயம் கேட்கவேண்டும். பிரபுவின் மனைவி ஏழை இளைஞன் ஒருவனை விரும்புகிறாள். வேலைக்காரன் ஓடிப்போய்ப் பிரபுவிடம் சொல்கிறான். வாள் வருகிறது, இரண்டு உயிர் போகிறது. ஒரே மெட்டு, அடிக்குமேல் அடி. கதாபாத்திரங்கள் மாறி மாறிப் பேசுகிறார்கள், ஆனால் பாடுவது ஒரே குரல். யார் பேசுகிறார்கள் என்று ஒரு இடத்திலும் சந்தேகம் வருவதில்லை. காத்தான் கூத்தைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டு வளர்ந்த தோழனுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆங்கிலச் சொற்களில் பாதி அவனுக்குப் பிடிபடவில்லை, ஆனால் கதையைச் சரியாகச் சொன்னான்.

அவன் வற்புறுத்தியதால்தான் ஒருநாள் சிசில் ஷார்ப் ஹவுஸுக்குப் போனோம். ரீஜன்ட்ஸ் பார்க் ரோட்டில் இருக்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம். சிசில் ஷார்ப் என்பவர் 1903இல் சமர்செட்டில் ஒரு தோட்டக்காரர் பாடியதைக் கேட்டு எழுதத் தொடங்கியவர். அவருக்கு முன்னரே சைல்ட் என்ற ஹார்வர்ட் பேராசிரியர் 305 கதைப்பாடல்களைத் திரட்டி இலக்கமிட்டு அச்சேற்றியிருந்தார். ‘மாட்டி க்ரோவ்ஸ்’ 81ஆவது. தோழன் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தான். ஊரில் மக்கள் கவிமணி மு. இராமலிங்கம் போன்றவர்கள் நாட்டார் பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்தார்கள். ஆனால் அவன் மாமாவின் கூத்துக் கொப்பி வீட்டுப் பெட்டகத்தில் மட்டுமே இருந்தது.

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட செய்தி வந்தபோது எனக்கு அந்த மேசையும் விரித்த பக்கமும்தான் நினைவுக்கு வந்தன. சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. இருபது வயதுப் பெடியள் சிலர் ஒரு நூலகத்துக்குப் போய்ப் பழம்பாட்டை எடுத்து மின்கிற்றாரோடு சேர்க்க வேண்டுமானால், முதலில் அந்த நூலகம் இருக்கவேண்டும். இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன்.

எண்பதுகளில் நான் விம்பிள்டனுக்குக் குடிமாறினேன். எஃப்ரா ரோட்டுப் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற உங்களில் பலருக்கு ஆர்தர் ரோட் தெரிந்திருக்கும், விம்பிள்டன் பார்க் ரயில் நிலையம் இருக்கிற தெருதான். அதன் ஏற்றத்தில் மேலே போனால் முகப்பில் கண்ட கூர்க்கோபுரம், புனித மரியாள் தேவாலயம். சாண்டி 1978 ஏப்ரலில் 31 வயதில் காலமானார். பட்னி வேல் இடுகாட்டில் அடக்கம் செய்திருக்கிறார்கள். இருபது வயதிலேயே ‘ஹூ நோஸ் வேர் த டைம் கோஸ்’ எழுதியவர். கரையை விட்டுப் பறவைகள் போவதைப் பார்த்து, காலத்தைக் கேட்கிற பாட்டு. ஊர் போக முடியாதிருந்த வருடங்களில் அதைப் போட்டுவிட்டு நான் ஒன்றும் பேசுவதில்லை. வீட்டிலும் யாரும் பேசமாட்டார்கள்.

குழு உடைந்து, ஆட்கள் மாறி, இன்னும் நடக்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரில் பான்பரிக்குப் பக்கத்துக் கிராமமான குரோப்பிரடியில் அவர்களுடைய விழா. ஒரே மேடை, பெரிய வயல், மடக்குக் கதிரைகள். பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்க அங்கே ஒரே கேள்வி போதும்: “முதலில் எப்படிக் கேட்டீர்கள்?”

ஒரு லொறிச் சாரதி சொன்னது: 1979 ஆகஸ்ட் 4 நெப்வர்த்தில் லெட் செப்பலின் என்ற ராக் குழுவைப் பார்க்கப் போயிருக்கிறார். முன்னுக்கு வாசித்த குழு ஒன்று வயலினோடு வந்து அவரை எழுப்பி நிறுத்திவிட்டது. யார் என்று விசாரித்தால், அன்றுதான் அவர்களின் கடைசி நாள். அங்கே முடித்துக்கொண்டு குரோப்பிரடிக்குப் போய்ப் பிரியாவிடை நிகழ்ச்சி நடத்தப் போகிறார்கள்! அறிமுகமான அன்றே பிரிவு. ஆனால் பிரிந்தவர்கள் அடுத்த வருடங்களில் அதே கிராமத்தில் கூடத் தொடங்கினார்கள். அவரும் போகத் தொடங்கினார். ஒரு இளைஞனுக்குத் தகப்பனின் காரில் ஓடிய கசெற். ஒரு தாதிக்கோ, உடன் வேலை செய்தவரின் இறுதிச் சடங்கில் ஒலித்த ‘மீட் ஆன் த லெட்ஜ்’. தாம்சன் இருபது வயதாகுமுன் எழுதிய பாட்டு அது. சவப்பெட்டி வெளியே போகும்போது அந்தத் தாதி அழுதுகொண்டே பக்கத்தில் நின்றவரிடம் இது யாருடைய பாட்டு என்று கேட்டாராம். விழாவும் ஒவ்வொரு வருடமும் அந்தப் பாட்டோடுதான் முடிகிறது. வயல் முழுவதும் சேர்ந்து பாடும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என்னுடைய முறை வந்தபோது நான் சந்தையையும், காசு போடுகிற காஸையும், கூத்துப் பாடிய தோழனையும் சொன்னேன். கூத்து என்றால் என்ன என்று கேட்டார்கள். இரண்டு அடி பாடிக் காட்டினேன். அவன் பாடினால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அவன் இப்போது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறான். புதிதாகக் கேட்பவர்களுக்கு ‘லீஜ் அண்ட் லீஃப்’ தான் கொடுக்கவேண்டும் என்பது அவன் கட்சி, அதில்தான் எல்லாம் கனிந்து நிற்கிறதாம். நான் ‘அன்ஹாஃப்பிரிக்கிங்’ தான் கொடுப்பேன். அதில் அவர்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. பாதிப் பாட்டில், வாசித்துக்கொண்டிருக்கும்போதே வழி தெரிகிறது. ஒன்றுகூடலன்று இரண்டு தட்டுகளையும் பிளேயரோடு மண்டபத்துக்குக் கொண்டுவருகிறேன். இராச்சாப்பாடு முடிந்தபின் கேட்க விருப்பமுள்ளவர்கள் என்னை வந்து பிடியுங்கள். ‘எ செய்லர்ஸ் லைஃப்’ மட்டும் முழுதாகப் போகவேண்டும், நடுவில் நிறுத்த விடமாட்டேன்.