ஆய்வரங்குக்குக் கண்டி: ஒன்பதுக்கு முன்னும் ஐந்துக்குப் பின்னும்

கண்டிக்குப் பக்கத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வரங்கு என்றால், கொழும்பிலிருந்து போகிற பலர் கண்டி பார்ப்பதற்கென்று இன்னொரு நாள் லீவு போடுகிறார்கள். அவசியமில்லை. அமர்வுகள் ஒன்பதுக்குத் தொடங்கி ஐந்துக்கு முடியும். கண்டி கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருப்பதும் ஒன்பதுக்கு முன்னும் ஐந்துக்குப் பின்னும்தான். இடைப்பட்ட நேரத்தில் வெயிலும் வாகன நெரிசலும்.

முதலில் அறை. வாவிக்கரையில் எடுத்தால் படம் நன்றாக வரும், முதல் அமர்வு தவறும். நகரம் மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் கிடக்கிறது. பேராதனைப் பக்கம் போக பேராதனை வீதி, வில்லியம் கோபல்லாவ மாவத்தை என்று இரண்டே முக்கிய வழிகள். பாடசாலை தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் இரண்டும் அடைபடும். ஆறு கிலோமீற்றர்தானே என்று எட்டேகாலுக்கு வெளிக்கிட்டால் வழியிலுள்ள கெட்டம்பேயிலேயே மணி ஒன்பதாகிவிடும். பேராதனைப் பக்கமே தங்குங்கள்.

போவதற்கு ரயிலை விட்டால் எனக்கு வேறொன்றும் மனதுக்கு வராது. கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ஏறும்போது வலப்பக்க யன்னல். றம்புக்கனை தாண்டியதும் பாதை 44 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் கடுகண்ணாவை வரை ஏறும். இடப்பக்கம் அலகல்ல மலையின் பாறைச்சுவர், வலப்பக்கம் பள்ளத்தாக்கும் பைபிள் பாறை என்கிற பத்தலேகலவும். 1867இல் கண்டியைத் தொட்ட பாதை இது. பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: வழமையான அட்டவணைப்படி உடரட்ட மெனிகே ரயில் கண்டிக்குள் போவதில்லை, பேராதனைச் சந்தியோடு திரும்பி பதுளைப் பக்கம் போய்விடும். ஆய்வரங்குக்காரருக்கு அது நல்லதுதான், சந்தியில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். மழைக்காலத்தில் மண் சரிந்தால் றம்புக்கனையோடு ரயில் நின்றுவிடும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகப் பாதையைப் பெயர்த்த விதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். புறப்படுவதற்கு முதல்நாள் அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு எடுத்து விசாரியுங்கள். ரயில் இல்லையென்றால் புறக்கோட்டையிலிருந்து 1ஆம் இலக்க பஸ். அதற்கு மூன்றரை, நான்கு மணித்தியாலம் ஒதுக்க வேண்டும்.

ஸ்வெட்டர் விடயம். கண்டி நுவரெலியா இல்லை, உயரம் 500 மீற்றர் அளவுதான். வெளியே போட்டால் வியர்க்கும், ஆனால் மண்டபத்து ஏசிக்குத் தேவைப்படும். குடை கட்டாயம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடியோடு கொட்டும்.

தமிழில் கட்டுரை படிக்கிறவர்கள் பயணப்பையைவிட முதலில் பார்க்க வேண்டியது எழுத்துருவை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய ஸ்லைட் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். புள்ளி வைத்த எழுத்து வரும் இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். காரணம் எளிது: பாமினி ஆங்கில எழுத்தின் குறியீட்டு எண்ணுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருக்கிறது, போர்வை போனால் ஆங்கிலம்தான் மிச்சம். முழுவதையும் யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியில் போட்டு எடுத்த பிறகு மேற்கோள் குறிகளையும், இடையில் வந்த ஆங்கிலச் சொற்களையும் கண்ணால் பாருங்கள், அவைதான் சிதையும். பிடிஎஃப் பிரதி ஒன்று பென்டிரைவில், இன்னொன்று மின்னஞ்சலில். போஸ்டர் என்றால் ஏ0 தாளின் குறுகிய பக்கமே 84 சென்ரிமீற்றர், குழாய் அதைவிட நீளமாக இருக்க வேண்டும். அச்சு முகம் வெளியே தெரியச் சுருட்டினால், விரிக்கும்போது ஓரங்கள் பலகையோடு படிந்து நிற்கும்.

காலை: அரச தாவரவியல் பூங்கா ஏழரைக்குத் திறக்கும். பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் கலஹா சந்தி பக்கத்திலேயே. பரப்பு 147 ஏக்கர், முழுவதையும் சுற்ற நினைக்காதீர்கள். ஒரு மணித்தியாலத்துக்கு இவ்வளவு போதும்: ஓர்க்கிட் வீடு, பெரிய புல்வெளியில் கிளைகளைக் கூடாரம்போல் விரித்து நிற்கும் ஜாவா அத்தி, பிறகு மகாவலிக் கரையோரம். 1901இல் பின்னாளைய ஐந்தாம் ஜோர்ஜ் நட்ட நாகலிங்க மரத்தையும் பாருங்கள், காயின் பாரத்தில் கிளைகள் தொங்கும். அண்ணாந்தால் பழந்தின்னி வௌவால்கள், இரவு மேய்ச்சல் முடித்து இடம்பிடிக்கச் சண்டை போட்டபடி. அவற்றுக்கு நேர் கீழே நிற்கவேண்டாம், அமர்வுக்குப் போட்டுவந்த வெள்ளைச் சட்டை திரும்பி வராது.

பின்னேரம்: புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையில் ஆறரை மணிப் பூசைக்குப் போங்கள். ஐந்தேகாலுக்காவது பேராதனையை விட்டு வெளிக்கிட வேண்டும், அன்றைய கடைசிக் கேள்வி பதிலைத் தியாகம் செய்யலாம். தோளும் முழங்காலும் மறைய வேண்டும். வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு, மடிக்கணினிப் பையை அறையிலேயே விட்டுவிட்டு வந்தால் வரிசை சீக்கிரம் நகரும். மேல்மாடியில் கதவு திறந்து பேழை தெரிவது சில நொடிகள்தான், பின்னாலிருப்பவர் தள்ளிக்கொண்டே இருப்பார். அதைவிட, கீழே மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் நின்றுவிடுவதே என் தெரிவு. வெளியே வந்தால், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வெட்டிய வாவியைச் சுற்றி நடக்கலாம். தலதா மாளிகையின் வருடாந்த ஊர்வலமான எசல பெரஹராக் காலமென்றால் இந்தத் திட்டமெல்லாம் சரிவராது: வீதிகளை மூடுவார்கள், அறை வாடகை எகிறும்.

திரும்பும் நாளில், பெயர் கொடுத்த ஆய்வரங்கில் சான்றிதழ் கடைசி அமர்வுக்குப் பிறகுதான் கிடைக்கும் என்றால் பின்னேர இன்டர்சிட்டி ரயிலுக்கு ஆசனம் பதியாதீர்கள், கூட்டம் நேரத்துக்கு முடியாது. ஆறு மணிக்குப் பிறகு பஸ்தான். ரயில் கிடைத்தால் இம்முறை இடப்பக்க யன்னல்.