வீட்டு வழியா, சாப்பாட்டுக் குறையா?

எங்கள் லேபுக்கு வந்த ஒரு கர்ப்பிணியின் ரிப்போர்ட். ஹீமோகுளோபின் 9.4, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 64, சிவப்பணு எண்ணிக்கை 51 லட்சம். முதல் இரண்டு மட்டும் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. கர்ப்பிணிகளின் ரிப்போர்ட்டில் தினமும் வருவதுதான். மூன்றாவதுதான் உறுத்தும். இரும்புச் சத்து தீர்ந்தால் அணு சிறுப்பதோடு எண்ணிக்கையும் பொதுவாகக் குறையும். தலசீமியா என்பது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய். நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமக்கும் கேரியருக்கு அணு சிறுத்திருக்கும், எண்ணிக்கை குறையாது, பல சமயம் கூடுதலாகவே இருக்கும். அதனால்தான் எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கிறோம். 13க்குக் கீழே வந்தால் பரம்பரைப் பக்கம் சந்தேகம், மேலே வந்தால் இரும்புப் பக்கம். 51 லட்சம் என்பது 5.1 மில்லியன், 64ஐ 5.1ஆல் வகுத்தால் 12.5.

ஆனால் அணுக்களின் அளவு எவ்வளவு மாறுபடுகிறது என்று காட்டும் ஆர்டிடபிள்யூ 18.5. வெறும் கேரியராக இருந்தால் அணுக்கள் ஏறக்குறைய ஒரே அளவில் சிறுத்திருக்கும், இந்த எண் இவ்வளவு ஏறாது. உடம்பில் சேர்த்து வைத்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7. காய்ச்சலோ உடம்பில் வேறு அழற்சியோ இருக்கும்போது எடுத்தால் ஃபெரிட்டின் ஏறி நின்று ஏமாற்றும், 15க்குக் கீழே இறங்கியிருந்தால் இரும்பு இல்லை என்பதில் பேச்சே கிடையாது. ஆக, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஹீமோகுளோபினை வகை பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி பரிசோதனைக்கு மதுரைக்கு அனுப்பினோம், அதில் ஏ2 என்ற வகை எவ்வளவு வந்தது? 3.7 சதவீதம். 4க்கு மேல் என்றால் கேரியர் என்று எழுதிவிடலாம், 3.5க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் விட்டுவிடலாம். நடுவில் வந்து நிற்பதுதான் தொல்லை. இரும்புக் குறைவு ஏ2வை இறக்கிக் காட்டும், பி12 குறைவு ஏற்றிக் காட்டும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பெண்ணின் அம்மா கேட்டார்.

"தம்பி, வீட்டு வழியா வந்ததா, சாப்பிடாம வந்ததா? ஒண்ண மட்டும் சொல்லுங்க."

"இரும்புச் சத்து கம்மிங்கறது உறுதி, ஆச்சி. இன்னொண்ணு சந்தேகமா இருக்கு. மாப்பிள்ளை ரத்தத்தையும் பாத்துட்டா..."

"அப்ப சத்துக் குறைவுதான். எங்க வீட்டுல யாருக்கும் ரத்த வியாதி கிடையாது. வேற கோயில்லதான் கட்டியிருக்கோம்."

பாதிப் பதிலை எடுத்துக்கொண்டார், நான் மறுக்கவில்லை. நோயின் பெயரைச் சொல்வது டாக்டர் வேலை, லேப் கவுண்டரின் வேலை இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். இருந்தாலும் அவர் சொன்ன இரண்டு காரணங்களுமே சரியில்லை என்று தெரிந்தும் பேசாமல் நின்றது நெருடுகிறது.

நகரத்தாரில் ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள், பெண் கொடுத்து எடுப்பதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கோயில் அப்பா வழியில் மட்டும் வருவது, மரபணு இரு பக்கமும் வரும். அத்தை மகனுக்குக் கோயில் வேறு, தாத்தா பாட்டி ஒன்றே. எட்டில் ஒரு பங்கு மரபணு பொதுவாக இருக்கும். நகரத்தார் வீட்டுப் பேச்சு மட்டுமில்லை இது, கேரியர் எந்தச் சாதியிலும் உண்டு. 'யாருக்கும் கிடையாது' என்பதும் அப்படித்தான். கேரியர் ஆயுசு முழுக்க நன்றாகவே நடமாடுவார், கொஞ்சம் சோகை என்று டானிக் குடித்திருப்பார். மறுபக்கம், வீட்டில் எல்லோருக்கும் சோகை என்றால் உடனே பரம்பரை என்பார்கள். ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு, சாப்பாட்டுக்கு மேல் உடனே காபி குடித்து, கொக்கிப்புழுவும் இருந்தால் குடும்பத்துக்கே இரும்பு குறையும்.

மருந்து கொடுத்து இரும்பை நிரப்பி, மூன்று மாதம் கழித்து ஏ2 மறுபடி பார்ப்பது சாதாரண வழி. அந்தப் பெண்ணுக்கு அப்போது ஒன்பதாவது வாரம். கணவன், மனைவி இருவரும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோயின் கடுமையான வடிவமான தலசீமியா மேஜர் வர 25 சதவீத வாய்ப்பு. நஞ்சுக்கொடியில் துளி எடுத்துப் பார்ப்பதென்றால் பதினோராவது வாரம் வாக்கில் எடுக்க வேண்டும். மூன்று மாதம் ஏது? அதனால்தான் மாப்பிள்ளை ரத்தம் என்று அவசரப்பட்டேன், டாக்டரும் அதையே சொன்னார். சம்பந்தி வீட்டுக்கு என்ன சொல்லி அழைத்து வந்தார்களோ, வந்தார். எம்சிவி 88, ஏ2 2.6. குழந்தை விஷயத்தில் டாக்டர் கவலையை விட்டார்.

அந்தப் பெண் கேரியரா இல்லையா என்பது மட்டும் முடியவே இல்லை. பிரசவத்துக்குப் பிறகு மறுபடி எடுக்கச் சொல்லி ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது, இங்கே வரவில்லை. குழந்தைக்கு ஆபத்தில்லை என்றானபின் யார் வருவார்கள்? வேறு லேப்பில் எடுத்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு தங்கச்சி இருந்தது, அதற்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா கேரியர் என்றால் தங்கச்சிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்த அணுக்களை எண்ணும் சாதாரணப் பரிசோதனையான சிபிசி ஒன்று போதும். எம்சிவி 80க்குக் கீழோ, ஓர் அணுவில் உள்ள ஹீமோகுளோபின் அளவான எம்சிஎச் 27க்குக் கீழோ வந்தால்தான் எச்பிஎல்சி. கேரியர் என்றே வந்தாலும் கல்யாணத்துக்குத் தடையில்லை, மாப்பிள்ளைக்கும் ஒரு தடவை பார்த்துவிட்டால் தீர்ந்தது. இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகும். வரன் பேசும் வீட்டில் இப்படி ஒரு வார்த்தையைப் போட்டால் அது எத்தனை தெரு சுற்றும் என்பதும் காரைக்குடிக்காரனுக்குத் தெரியும். சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு நாள் தோன்றுகிறது, கேட்காத பெண்ணின் ரத்தத்தைப் பற்றிப் பேச நான் யார் என்று மறுநாள்.