மிஷினில் கோளாறு இல்லை, பட்டையில்தான்

மாரடைப்புக்குப் பிறகு அப்பாவை வீட்டுக்கு அனுப்பும்போது, "காலையும் மாலையும் பிரஷர் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். மாத்திரைக்கு முன்பா பின்பா, எந்தக் கையில் என்று கேட்டேன். "மிஷினோடு வரும் புத்தகத்தில் எல்லாம் இருக்கும்" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மிஷின் வாங்கியதிலும் பயன்படுத்தியதிலும் சிரமம் இல்லை. அளவுதான் இறங்கவே இல்லை. ராமிப்ரில், மெட்டோப்ரோலால் என்ற பிரஷர் மாத்திரைகள் இரண்டையும் நேரம் தவறாமல் போடுகிறார், உப்பையும் குறைத்தாயிற்று. ஆனாலும் மேல் எண் 150-க்குக் கீழே வரவில்லை. நாங்கள் எழுதிய தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் ராமிப்ரில் டோஸை ஏற்றினார். அதற்குப் பிறகு அப்பாவுக்கு எழுந்து நின்றாலே தலைசுற்றல், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். மிஷினோ அப்போதும் அதிகம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. எதை நம்புவது?

மறுபடி போனபோது ஒரு நர்ஸ் அக்காதான், "மிஷினை எடுத்து வந்தீர்களா?" என்று கேட்டார். டேப்பை எடுத்து அப்பாவின் மேல்கையைச் சுற்றி அளந்தார்: 36 சென்டிமீட்டர். எங்கள் மிஷினோடு வந்த, கையில் சுற்றிக் கட்டும் பட்டையில் அச்சிட்டிருந்ததோ 22–32. கைக்குச் சின்னதான பட்டையைக் கட்டினால் பிரஷர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்றார். பெரிய பட்டையைக் கட்டிப் பார்த்தார், எண் நன்றாக இறங்கியது. அப்பாவை எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தார், மேல் எண் 20-க்கு மேல் சரிந்தது. டாக்டர் டோஸைப் பழையபடி குறைத்தார், தலைசுற்றலும் நின்றது.

இத்தனைக்கும் வாங்கும்போதே கடைக்காரரிடம், "அப்பாவுக்குக் கை பெருசு, இது போதுமா?" என்று கேட்டிருந்தேன். "எல்லாருக்கும் இதுதான்" என்றார். அதனால் யார் என்ன சொன்னாலும் முதலில் டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையைச் சுற்றி அளந்துவிடுங்கள். தனியாகப் பட்டை வாங்கினால் உங்கள் மிஷின் மாடலுக்கு உரியதாகப் பார்த்து வாங்குங்கள்.

அந்த அக்கா சொல்லிக் கொடுத்தபடிதான் இப்போது பார்க்கிறோம். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால். 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதங்கள் தரையில், கால்மேல் கால் போடாமல், கை நெஞ்சு மட்டத்தில். பேசவே கூடாது. அப்பாவுக்கு இதுதான் கஷ்டம், பட்டை இறுகும்போதுதான் அவருக்கு ஏதாவது ஞாபகம் வரும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது தடவையும் பார்த்து இரண்டையும் எழுதுகிறோம். முதல் தடவை இரண்டு கையிலும் பார்த்து, எதில் அதிகமோ அந்தக் கையையே வைத்துக்கொள்ள வேண்டும். பிரஷர் அதிகம் என்று சொல்ல ஆஸ்பத்திரியில் 140/90 என்றால் வீட்டில் 135/85-தான் எல்லை, இதையும் அவர்தான் சொன்னார்.

நாடித்துடிப்பையும் தாளில் எழுதுங்கள். மெட்டோப்ரோலால் அதைக் குறைக்கும், டாக்டர் அதைக் கட்டாயம் பார்ப்பார். பிரஷர் குறைவாகக் காட்டுகிறது என்று நீங்களாக அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், இதயத்துக்கு ஆபத்து. போன் செய்து கேளுங்கள். 180/120-க்கு மேல் போய், கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் மறுபடி அளந்துகொண்டு உட்காராமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.