பெரியம்மாவின்ர இங்கிலிஷ் – கிளிநொச்சிக் குறிப்புகள்

பெப்ரவரி 3
பெரியம்மா டோகா வழியா ரொறொன்ரோ போறா, எயார்போட்டில தேவைப்படுற இங்கிலிஷ் பழக்கிறது. முதல் காது, பிறகுதான் வாய். கவுன்ரரில கேட்கிறது நாலைஞ்சு கேள்விதான். "ஹவ் மெனி பாக்ஸ் டு செக் இன்?" எத்தினை பெட்டி போடுறியள். "விண்டோ ஓர் ஐல்?" ஐல் நடைபாதைப் பக்கம். கால் வீங்கிற ஆளுக்கு அதுதான் வசதி.

பெப்ரவரி 5
பெரியம்மா எல்லாத்துக்கும் "யேஸ்".

பெப்ரவரி 6
இந்த யேஸ்தான் பயம். "டிட் யூ பாக் திஸ் பாக் யுவர்செல்ஃப்?" பெட்டியை நீங்களே அடுக்கினியளோ எண்டது. யேஸ், சரி. அடுத்தது, "ஹாஸ் எனிவன் கிவன் யூ எனிதிங் டு கரி?" ஆரும் ஏதும் தந்துவிட்டவையோ எண்டது. இதுக்கும் யேஸ் எண்டால் பெட்டியைத் திறந்து கிண்டுவினம். "நோ" சொல்லப் பழக்கினால் காணாது, அது உண்மையாவும் இருக்கவேணும். பரந்தனில இருந்து ஒட்டின பார்சல் ஒண்டு வந்து கிடக்கு, மிளகாய்த்தூளாம். அதைப் போகவிடேலாது.
விளங்காட்டில் சொல்ல: "சொறி, ஸ்லோலி பிளீஸ்." தலையாட்டக்கூடாது.

பெப்ரவரி 9
கைப்பையில எந்தப் போத்தலும் 100 மில்லிக்கு மேல கூடாது. கணக்கு போத்தலின்ர அளவுக்கு; 200 மில்லிப் போத்தலில கால்வாசி நல்லெண்ணெய் எண்டாலும் எடுத்துப்போடுவினம். ஊறுகாயும் "லிக்விட்" தான். பவர் பாங்க் மறுவளம், கையிலதான் கொண்டுபோகவேணும். லித்தியம் பற்றறி கீழ சரக்கறையில பத்தினால் ஆர் அணைக்கிறது?

பெப்ரவரி 12
"பெயர் வித் மீ": கொஞ்சம் பொறுங்கோ. "யூ ஆர் ஓல் செற்": அலுவல் முடிஞ்சுது, போங்கோ. இது விளங்காமல் கவுன்ரருக்கு முன்னாலயே நிக்கிற சனம் கனக்க. "ஸ்ரெப் அசைட்" எண்டால் பிடிச்சுப்போட்டினம் எண்டில்லை, ஓரமா நிக்கட்டாம். போடிங் (ஏறுற) நேரம் வேற, டிபார்ச்சர் (வெளிக்கிடுற) நேரம் வேற, பார்க்கவேண்டியது முதலாவது. விமானம் வெளிக்கிடமுதலே கேட்டைப் பூட்டிவிடுவினம்.

பெப்ரவரி 14
டோகா. டோகா. டோகா. அங்கதான் விமானம் மாறவேணும்.
கட்டுநாயக்காவில பெட்டியைக் குடுக்கேக்கையே கேட்கவேணும்: "இஸ் மை பாக் செக்ட் த்ரூ டு ரொறொன்ரோ?" பெட்டி நேர ரொறொன்ரோ போகுமோ எண்டது. பெட்டியில கட்டிற ராக்கில வை வை இசெட் (YYZ, ரொறொன்ரோ எயார்போட்டின்ர குறி) எண்டு இருக்கவேணும். டி ஓ எச் (DOH, டோகா) மட்டும் கிடந்தால் அந்த இடத்தை விட்டு அரக்கக்கூடாது. டோகாவில இறங்கினால் "ட்ரான்ஸ்ஃபர்ஸ்" பலகைக்குப் பின்னால போறது. பெட்டி எடுக்கிற "பாகேஜ் க்ளெய்ம்" பக்கம் திரும்பவே வேண்டாம். கேட் நம்பர் மாறும், ஸ்கிரீனைத் திரும்பத் திரும்பப் பாக்கவேணும். வாயால கேட்கிறதெண்டால், "ஹாஸ் தி கேட் சேஞ்ச்ட்?"

பெப்ரவரி 16
ரிக்கெற்றில 20ஆம் திகதி, விடியப்புறம் 03:40. வான்காரர் 20 இரவு எண்டு குறிச்சு வைச்சிருக்கிறார். நல்ல வேளை, கேட்டது. 19 மத்தியானம் கழியவே வெளிக்கிடவேணும். வவுனியா, அநுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு எண்டு இரவாகிவிடும்.

பெப்ரவரி 17
கோழிக்கும் "பெயர் வித் மீ".

பெப்ரவரி 18
ரொறொன்ரோவில கஸ்ரம்ஸ்காரர் கேட்பினம்: "எனிதிங் டு டிக்ளேர்?" சொல்லவேண்டிய சாமான் ஏதும் இருக்கோ எண்டது. சாப்பாட்டுச் சாமான் இருந்தால் இதுக்கு யேஸ்தான். ஒளிச்சால்தான் தண்டம். கருவாடு "ட்ரைட் ஃபிஷ்". ஒடியலுக்கு என்ன எழுதிறது? "ட்ரைட் பல்மைரா ரூற்" எண்டு ஒட்டியாச்சு. பரந்தன் பார்சல்காரர் திரும்பவும் கோல் எடுக்கிறார்.