வெள்ளி நாக்கு

தமிழ் ஐயா தவறிவிட்டார் என்று போன மாதம் செய்தி வந்ததிலிருந்து அந்தத் திங்கட்கிழமைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. ஏற்காட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த பள்ளி, எட்டாம் வகுப்பு. பெரிய மணி அடித்தாகிவிட்டது, கொடிக்கம்பம் பாதிக்கு மேல் பனியில் தெரியவில்லை, குறள் சொல்லும் முறை என்னுடையது. முன்வரிசையில் நின்றவர்களுக்கு நினைவிருக்கும்.

இரண்டாம் குறள். ‘கற்றதனால்’ என்று தொடங்க வேண்டும். அந்தக் ‘க’ வரவில்லை. தொண்டைக்குள் கதவைச் சாத்தியது போல ஆகி, தாடை இறுகி, கண்ணை மூடிக்கொண்டு க்... க்... என்று எவ்வளவு நேரம் நின்றேனோ. பின்னால் ஒருவன் சிரித்தான். அப்புறம் வரிசை வரிசையாகச் சிரிப்பு.

எனக்குத் திக்கும் என்பது செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தெருவுக்கே தெரியும். அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அம்மா கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, அப்பாவிடம் சொல்லி வெள்ளித் தகட்டில் ஒரு நாக்கு வெட்டி வாங்கி வைத்திருந்தார். கட்டைவிரல் அளவு, நடுவில் ஒரு கீறல், மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். எனக்குப் பேச்சு சரியானால் உண்டியலில் போட வேண்டும். நானும் ஹாஸ்டல் ஜன்னலில் நின்று சேர்வராயன் கோயில் இருக்கும் திசையைக் கும்பிட்டு தினமும் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன், நாளைக்கு எழுந்தால் திக்கக் கூடாது என்று. எழுந்தால் திக்கும்.

அடுத்த திங்கள் ஐயா மறுபடியும் என் பெயரையே கூப்பிட்டார். கால் நடுங்கப் போய் நின்றேன். அவரும் மேடையேறி என் பக்கத்தில் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை, மூச்சை மட்டும் எனக்குக் கேட்கும்படி இழுத்தார். நானும் இழுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம், ஒரு எழுத்து தட்டவில்லை. திக்குகிறவர்கள் இன்னொருவரோடு சேர்ந்து சொல்லும்போதும் பாடும்போதும் பெரும்பாலும் திக்குவதில்லை என்று நான் தெரிந்துகொண்டது ஊரைவிட்டு இங்கே வந்து பல வருடம் கழித்து ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம். ஐயாவுக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டதே இல்லை. பள்ளி முடியும்வரை என் முறை வந்தபோதெல்லாம் வந்து நின்றார்.

அந்த ஆடியில் அம்மா நாக்கை உண்டியலில் போட்டுவிட்டார். “இன்னும் திக்குதேம்மா” என்று அழுதேன். “கூட நிக்க ஆள் அனுப்பிச்சிருக்காளே கண்ணு, நான் கேட்டதுக்கு மேல அது” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மா கண்ட கணக்கு எனக்குப் பிடிபட முப்பது வருடம் ஆயிற்று. இன்றும் திக்குகிறது, ஆனால் மாரியம்மன் கேட்காமல் விட்டாள் என்று இப்போது நான் சொல்வதில்லை.

இரண்டு வருடம் முன்பு ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனது. பேச்சு திரும்பட்டும் என்று தினமும் வேண்டினேன். திரும்பவில்லை. போன வருடம் சேலம் வரை வந்தும், பத்திரப்பதிவு, உறவுக்காரர் வீடுகள் என்று நாள் ஓடி, ஏற்காட்டுக்கு 20 வளைவு ஏறிப்போய் அவரைப் பார்க்காமலே விமானம் ஏறிவிட்டேன். அரை நாள் போதும். அந்த அரை நாளை நான் எடுத்து வைக்கவில்லை.

இந்த மார்ச்சில் போன் செய்தேன். மழை பெய்து காப்பி பூத்திருக்கிறது, வீடெல்லாம் வாசம் என்றார் அவர் மகள். “அப்பா எல்லாம் கேட்டுக்குவாருங்க, பதில்தான் வராது” என்று போனை அவர் காதில் வைத்தார். என்ன பேசுவது? “ரெண்டாம் குறள்ங்க ஐயா” என்றேன். தொடங்கினேன். க்... க்... அந்தப் பழைய கதவு.

அந்தப் பக்கம் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் குழறலாக, மெதுவாக, “கற்றதனால்” என்று ஐயாவின் குரல் வந்தது. நானும் சேர்ந்துகொண்டேன். கடைசிச் சீர் வரை ஒன்றாகவே சொன்னோம். மகள் அழுதுகொண்டிருந்தார்.