அசைவு பதிவாகாத இரண்டு மணி நேரம்

விளக்கை அணைப்பதற்கு நம்பத்தக்க சென்சார், ஓர் ஆள் உறங்கினாரா இல்லையா என்று சொல்வதற்கு மட்டும் எப்படி நம்பத்தகாததாகிவிடும் என்று கிடங்கு மேலாளர் கேட்டார். அன்று நான் சொன்ன பதில் சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

மின்சாரத்தை மிச்சப்படுத்த நாங்கள் பொருத்திய பி.ஐ.ஆர். சென்சார்கள் அவை; உடல் வெப்பத்தின் அசைவை உணர்ந்து விளக்கை எரியவிடும், அசைவு இல்லாவிட்டால் அணைக்கும். எந்த விளக்கு எப்போது எரிந்தது, எப்போது அணைந்தது என்ற பதிவு கட்டுப்பாட்டுப் பெட்டியில் தானாகவே சேரும். மே மாதத்து இரவு ஒன்றில், காவலாளி அமரும் மூலையில் இரண்டு மணியளவில் அணைந்த விளக்கு, நான்கு மணி வரை மறுபடி எரியவில்லை. அவர் உறங்கிவிட்டார் என்று எழுதித் தர வேண்டும் என்பதே மேலாளரின் கோரிக்கை. அறுபதை நெருங்கிய அந்தக் காவலாளி என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "உக்காந்துதான் சார் இருந்தேன், தூங்கலை."

அப்படி எழுதித் தர முடியாது என்றேன். அந்தச் சென்சாருக்கு மனிதரைத் தெரியாது. வெப்பம் இடம் மாறுவது மட்டுமே தெரியும். மனித உடல் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர் 9 முதல் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உச்சம் கொள்கிறது. சென்சாரின் முகப்பில் உள்ள, வரிவரியாகச் செதுக்கிய மெல்லிய ஃபிரெனல் லென்ஸ் அறையைப் பல பட்டைகளாகப் பிரித்து அந்தக் கதிரை உள்ளே குவிக்கிறது. உள்ளே எதிரெதிர் முனைகளாக இணைக்கப்பட்ட இரண்டு உணர்பகுதிகள் இருக்கும். அறை முழுவதும் ஒன்றாகச் சூடேறினால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒருவர் பட்டைகளைக் குறுக்காகக் கடக்கும்போதுதான் ஒன்று முந்தியும் மற்றொன்று பிந்தியும் தூண்டப்பட்டுச் சமிக்ஞை எழும். சென்சாரை நோக்கி நேராக நடந்து வருபவரைக்கூட அது தாமதமாகவே உணரும் என்னும்போது, நாற்காலியில் அசையாமல் இருப்பவர் அதன் கணக்கில் இல்லாதவரே. கோடையில் தகரக் கூரை பகலெல்லாம் வாங்கிய சூட்டினால் கிடங்கின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கிவிட்டால், இருக்கிற வேறுபாடும் குறைந்து உணர்திறன் இன்னும் மங்கும்.

இதை வாயால் சொன்னதோடு நிற்காமல், அதே நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாளைப் புரட்டிக் காட்டினேன். நிர்ணயித்த நேரம் கழிந்ததும் விளக்கு அணைந்தது. மேலாளர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதன் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

விளக்கு தவறாக அணைந்தால் கையை ஒருமுறை வீசினால் போதும், ஆனால் இந்தப் பதிவு தவறானால் ஒருவருடைய வேலை போகும். ஆகவே இரண்டுக்கும் ஒரே அளவு நம்பிக்கை போதாது என்றேன். "அப்படியென்றால் அவரும் கையை வீசியிருக்கலாமே, ஏன் இரண்டு மணி நேரம் இருட்டில் இருந்தார்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வெளிச்சத்தில் பூச்சி மொய்க்கும் என்றோ, இருட்டில் இருந்தால்தான் வாசலுக்கு வெளியே நடப்பது தெரியும் என்றோ அவர் விளக்கை வேண்டாம் என விட்டிருக்கலாம்; அனுபவமுள்ள காவலாளிகள் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் நான் அவரிடம் கேட்கவில்லை. கருவியைப் பற்றிச் சொல்லத்தான் என்னை அழைத்தார்கள், ஒரு மனிதரை விசாரிக்க அல்ல என்பது என் நியாயம். அந்த நியாயம் எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. நான் அமர்ந்து சோதித்தது பிற்பகலில். அதிகாலை இரண்டு மணிக்குக் கிடங்கு அவ்வளவு சூடாக இருந்திருக்காது. சென்சார் அப்போது இன்னும் கூர்மையாகவே இருந்திருக்கும். அறிக்கையில் சோதனை நேரத்தையும் வெப்பநிலையையும் எழுதினேன். அந்த வேறுபாடு யாருக்குச் சாதகம் என்பதை எழுதவில்லை. தொழில்முறையில் அது போதும். அவர் உறங்கியிருக்கவும் கூடும் என்ற எண்ணம் எனக்கு இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இருந்தும், பதிவிலிருந்து அந்த முடிவுக்கு வர இயலாது என்ற வரியில் ஒரு சொல்லையும் நான் மாற்றியிருக்க மாட்டேன்.

ஆள் இல்லாத இடத்தை அறிந்து விளக்கை அணைக்கும் என்று சொல்லித்தான் இந்தக் கருவியை விற்கிறோம். அசைவு தெரியாவிட்டால் அணைக்கும் என்று எந்த விலைப்பட்டியலிலும் நாங்கள் எழுதுவதில்லை. மேலாளர் ஆத்திரத்தில் கேட்டிருந்தாலும், அவர் பிடித்துக்கொண்டது எங்கள் சொல்லைத்தான். அவர் மீது எனக்குக் கோபம் வராததற்கு அதுவே காரணம்.

காவலாளியை அவருடைய நிறுவனம் வேறிடத்துக்கு மாற்றிவிட்டது. என் அறிக்கையால் வேலை தப்பியதா, அறிக்கையையும் மீறி மாற்றினார்களா என்று யாரும் சொல்லவில்லை. அதன் பின் மேலாளர் 60 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சாருக்கு விலை கேட்டார். மூச்சு விடும்போது மார்பு அசைவதைக்கூட அது கண்டுபிடிக்கும் என்று அவர் அறிந்திருந்தார். கண்டுபிடிக்கும்தான்; ஆனால் உறங்குபவருக்கும் மார்பு அசையும், ஆகவே ஆள் இருக்கிறார் என்பதற்கு மேல் அந்த மூலையில் அதை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்று பதில் எழுதினேன். அப்படியானால் கேமராவுக்கு விலை அனுப்புங்கள் என்றார். அதை இன்னும் அனுப்பவில்லை.